இழைவழிச் செய்தியும் கண்மாய்க் கலிங்கும்

திருவரங்குளம் வட்டாரத்து விவசாயிகளுக்குக் கண்மாயைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. வரத்து வாரி வழியே நீர் வந்து சேருவதும், மடை வழியே அளவாக வெளியேறுவதும், கொள்ளளவை மிஞ்சிய நீர் கலிங்கில் வழிந்து அடுத்த கண்மாயைத் தேடிச் செல்வதும் சிறு பிள்ளைகளும் அறிந்த செய்திகள். ஊராட்சி அலுவலகத்தின் மூலையில் விளக்குகள் மினுக்க உட்கார்ந்திருக்கும் ரௌட்டர் என்னும் சிறு பெட்டிக்குள்ளும் ஏறக்குறைய இதே வேலைதான் நடைபெறுகின்றது. ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. கலிங்கில் வழிந்த நீர் கீழ்க்கண்மாய்க்குப் பயன்படும். ரௌட்டரில் வழிந்தது எவருக்கும் பயன்படாது மறைந்தே போகும்.

இவ்விஷயம் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். தேசியக் கண்ணாடி இழை வலையமைப்பு என்னும் பெயரில் 2011-ஆம் ஆண்டு மத்திய அரசு ஒப்புதல் அளித்த திட்டம், பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. இதன்கீழ் நம் மாநிலத்தின் 12,525 கிராம ஊராட்சிகளையும் இழைவழி இணைக்கும் பணி தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2020 ஏப்ரல் 24 அன்று ஈ-கிராம் ஸ்வராஜ் தளம் தொடங்கப்பெற்றபின், ஊராட்சியின் திட்டமும் கணக்கும் பணப் பட்டுவாடாவும் இணையத்தின் வழியே நடைபெறலாயின. ஆகவே இணைப்பு தடுமாறும் நாளில், வேலையை முடித்த கொத்தனாருக்குப் பணம் தாமதமாகிறது. காணொளிக் கூட்டத்தில் மேலதிகாரி சொன்ன தேதி பாதியில் அறுந்து, செயலர் தவறான தேதியைக் குறித்துக்கொள்ள நேரிடுகிறது.

இனி ரௌட்டருக்குள் நிகழ்வது யாது என்று பார்ப்போம். இணையத்தில் எந்தச் செய்தியும் ஒரே ஓட்டமாகச் செல்வதில்லை. சிறுசிறு பொட்டலங்களாகக் கட்டப்பட்டு, ஒவ்வொன்றின்மீதும் சேரவேண்டிய முகவரி எழுதப்பட்டு அனுப்பப்படுகின்றது. இதனையே பாக்கெட் என்பர். முழுப் பொட்டலம் ஒன்று பொதுவாக 1,500 பைட், அதாவது 12,000 பிட் கொண்டது. அலுவலகக் கணினியிலிருந்து ரௌட்டர் வரை உள்ள வழி அகலமானது. நொடிக்கு 100 மெகாபிட்டோ 1,000 மெகாபிட்டோ தாங்கும். ரௌட்டரிலிருந்து வெளியேறும் வழியோ நாம் பெற்றுள்ள சந்தாவின் அளவுக்கு உட்பட்டது. திருவரங்குளம் ஒன்றியத்தில் ஏதோ ஓர் ஊராட்சியில் அது நொடிக்கு 10 மெகாபிட் என வைத்துக்கொள்வோம். அகன்ற வாரியில் வருவது குறுகிய மடையில் வெளியேற வேண்டுமாயின் இடையில் தேங்கியே தீரும். தேங்கும் இடத்தை வரிசை என்கிறோம். வரிசையிலிருந்து பொட்டலங்களை எவ்வேகத்தில் விடுவது, எதனை முதலில் விடுவது என்று முறை வகுப்பதே ‘க்யூ.ஓ.எஸ்.’ என்னும் ஏற்பாடு. நம் ஊர் நீர்ப்பாய்ச்சியின் வேலை என்று கொள்ளலாம். வரிசை நிரம்பியபின் வந்து சேரும் பொட்டலம் கைவிடப்படும். இதற்கே ‘டிராப்’ என்று பெயர்.

பொட்டலம் விழுவது எப்போதும் பழுது அன்று என்பதை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும். 1986 அக்டோபரில் அமெரிக்காவில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே, சுமார் 400 கஜ தூரத்தில், நொடிக்கு 32,000 பிட் சென்றுகொண்டிருந்த இணைப்பு 40 பிட்டாகக் குன்றியது. கம்பி அறுபடவில்லை. விழுந்த பொட்டலங்களைக் கணினிகள் பொறுமையின்றி மீண்டும் மீண்டும் அனுப்பியதால் வழி முழுவதும் அடைபட்டது. இதனை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988-இல் ஒரு முறையை வெளியிட்டார். பொட்டலம் விழுந்தால் வழியில் நெரிசல் என்று அனுப்பும் கணினி உணர்ந்து, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். இன்றும் இணையத்தின் பெரும்பகுதி இவ்வழக்கத்தைப் பின்பற்றியே நடக்கின்றது. எனவே பெரிய கோப்பொன்றை ஏற்றும்போது சில பொட்டலங்கள் விழுமாயின் கவலை வேண்டா. அனுப்பிய கணினி வேகத்தைத் தணித்து மறுபடியும் அனுப்பிவிடும். குரலுக்கும் காணொளிக்கும் அவ்வாறு சொல்வதற்கில்லை. விழுந்த சொல்லை இரண்டு நொடி கழித்துக் கொணர்ந்து தருவதால் யாருக்கு என்ன பயன்?

பொட்டலம் வழிகிறது என்றவுடன், வரிசையை நீளமாக்கிவிட்டால் போயிற்று என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. நம் கணக்கில் ஒரு பொட்டலம் வெளியேற ஒரு நொடியில் ஆயிரத்தில் 1.2 பங்கு நேரம் ஆகும். வரிசையில் 1,000 பொட்டலம் நின்றால், கடைசியில் வந்தது 1.2 நொடி காத்திருக்க வேண்டும். பேச்சுக் குரல் ஒரு நொடியில் ஆயிரத்தில் 150 பங்குக்குள் மறுமுனை சேருதல் நலம் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைத்துள்ளது. ஆக, ஒரு பொட்டலமும் விழாமலே பேச்சு பாழாகிவிடும். அத்துடன், ஒன்றும் விழாததால் அனுப்பும் கணினிக்கு நெரிசல் தெரிவதில்லை. அது மேலும் மேலும் அனுப்பிக்கொண்டே இருக்கும். கரையை உயர்த்தி நீரைத் தேக்கியவன் மடையை அகலப்படுத்தியவன் ஆகான். இக்குறைக்கு மருந்தாகக் காத்லீன் நிக்கோல்ஸும் அதே ஜேக்கப்சனும் 2012-இல் ‘கோடெல்’ என்னும் முறையை வெளியிட்டனர். வரிசையின் நீளத்தை விடுத்து, பொட்டலம் காத்திருந்த நேரத்தை அது அளக்கின்றது. காத்திருப்பு தொடர்ந்து மிகுமாயின், வரிசை நிரம்பும்வரை பாராது ஒரு பொட்டலத்தை விட்டு எச்சரிக்கை செய்கின்றது. தற்காலத்து ரௌட்டர்கள் பலவற்றில் ‘எஃப்.க்யூ. கோடெல்’ என்ற பெயரில் இதன் விரிவு கிடைக்கிறது. இருக்குமாயின் அதனைத் தேர்ந்தெடுப்பதே எளிய வழி.

இனிப் பழுதைத் தேடும் விதம். முதற்கண், இழப்பு வழியிலா, வரிசையிலா என்று பிரித்தறிய வேண்டும். காலை ஆறு மணிக்கு அலுவலகத்தில் எவரும் இணையத்தைப் பயன்படுத்தாத வேளையில் ‘பிங்’ சோதனை செய்து பார்க்கலாம். அப்போதும் பொட்டலம் விழுமாயின் குற்றம் கம்பியிலோ, இணைப்பு முனையிலோ, இழையிலோ இருக்கும். ரௌட்டர் பக்கத்தில் ‘எரர்ஸ்’ என்னும் எண்ணும் கூடவே ஏறும். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த கம்பங்களை நாம் மறக்கவில்லை. அத்தகைய சேதத்தை க்யூ.ஓ.எஸ். ஏற்பாட்டால் சரிசெய்ய இயலாது. காலையில் நலமாயிருந்து, பதினொரு மணிக்கு மட்டும் தொல்லை தருமாயின் வரிசையை நோக்குக. அங்கே ‘டிராப்ஸ்’ என்றும் ‘ஓவர்லிமிட்ஸ்’ என்றும் இரு எண்கள் தென்படலாம். பின்னது, பொட்டலம் அளவுக்கு மேல் வந்ததால் சற்று நிறுத்தி விடப்பட்ட தடவைகளின் எண்ணிக்கை மட்டுமே. அது இழப்பு அன்று. அந்தப் பெரிய எண்ணைக் கண்டு மிரண்டு புதிய ரௌட்டர் வாங்கத் தீர்மானம் போடுவோரும் உண்டு. செலவு ஊராட்சியின் பொதுநிதியிலிருந்து போகிறது என்பதை நினைவிற்கொள்ளுதல் நன்று.

‘ஐந்து நிமிடச் சராசரி 4 மெகாபிட்டைத் தாண்டவில்லை, 10 மெகாபிட் வழியில் ஏன் விழுகிறது?’ என்பது அடிக்கடி எழும் கேள்வி. நாள் முழுவதும் பெய்த மழைக்கும், அதே அளவு அரை மணியில் கொட்டிய மழைக்கும் உள்ள வேற்றுமையே இதற்கு விடை. அலுவலகக் கணினி ஒன்று நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் 100 மெகாபிட் வேகத்தில் அனுப்புகிறது எனின், அதற்குள் 10 மெகாபிட் வந்துவிடும். அதே நேரத்தில் வெளியேறுவது 1 மெகாபிட். மீதி 9 மெகாபிட், அதாவது 750 பொட்டலம், நிற்க இடம் வேண்டும். வரிசையில் 64 இடமே இருக்குமாயின் 686 விழும். சராசரிக் கணக்கில் இது தெரியவே தெரியாது. இங்கே வரிசையை ஓரளவு நீட்டுவது பொருந்தும். ஆயிரக்கணக்கில் நீட்டுவது முன்சொன்ன தீங்கில் கொண்டுபோய் விடும்.

எல்லாவற்றிலும் விந்தையான பழுது ஒன்று உண்டு. காணொளிக் கூட்டம் தடைப்படலாகாது என்று கருதி, அதனை முதல் மரியாதை பெறும் வரிசையில் சேர்த்துவிடுகின்றனர். பிற வரிசைகள் முற்றிலும் பட்டினி கிடவாதிருக்க, அம்முதல் வரிசைக்குப் பல ரௌட்டர்களில் ஓர் உச்சவரம்பு வைக்கப்பட்டிருக்கும். குரலை எண்ணி அதனை நொடிக்கு 500 கிலோபிட் என்று யாரோ முன்னர் வகுத்திருப்பர். குரல் பேச்சு ஒன்றுக்கு 100 கிலோபிட் அளவு போதும். காணொளிக்கோ 1 மெகாபிட்டுக்கு மேலும் வேண்டியிருக்கும. வழி நெரிசலாகும்போது உச்சவரம்புக்கு மேற்பட்டவை காத்திருக்கக்கூட இடமின்றி அங்கேயே வெட்டப்படும். இவ்வாறு, கோயில் முதல் மரியாதை பெற்றவரே பந்தியில் இடமின்றி நிற்கும் கதையாகிறது. ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியே உள்ள டிராப் எண்ணைப் பார்த்தாலன்றி இது புலப்படாது. மொத்த எண்ணை மட்டும் பார்ப்பவர் கோப்புகளையே குறைகூறிக்கொண்டிருப்பார். தீர்வு, குரலை மட்டும் முதல் வரிசையில் வைத்து, காணொளிக்குத் தனி வரிசையும் தகுந்த பங்கும் அளிப்பதாகும்.

பங்கு என்றதும் கூட்டிப் பார்த்தல் அவசியம். 10 மெகாபிட் வழியில் மூன்று வரிசைக்கும் ஐந்தைந்து உறுதி கூறியிருந்தால், இருக்கும் நீருக்கு மேல் மடைப்பங்கு எழுதிக் கொடுத்ததற்கு ஒப்பாகும். எந்த வகையிலும் சேராத பொட்டலங்கள் போய் விழும் பொது வரிசைக்கு மிகச் சிறிய பங்கு இருக்கிறதா என்பதையும் காண்க. வரி கட்டும் பக்கம் திறக்காமைக்கு இதுவே காரணமாயிருத்தல் கூடும்.

இறுதியாக, நம் கைக்கு எட்டாத மடை ஒன்று உண்டு. நம் ரௌட்டரில் 10 மெகாபிட் என்று வகுத்திருக்க, இணைப்பு தருவோரின் யந்திரம் 9.5 மெகாபிட்டில் வெட்டுமாயின், நம் வரிசை ஒருபோதும் நிரம்பாது. நமது டிராப் எண் சுழியமாகவே நிற்கும். இழப்பு மேற்புறத்தில் நிகழும். அங்கே குரல் எது, கோப்பு எது என்ற வேற்றுமை பாராட்டப்படுவதில்லை. ஆதலின் வழியின் உண்மையான வேகத்தைப் பலமுறை அளந்து, அதில் 90 விழுக்காடு அளவுக்கு நம் ரௌட்டரின் வேகத்தை நாமே குறைத்து வைத்தல் வேண்டும். பத்தில் ஒன்றை இழக்கிறோமே என்று தோன்றும். ஆனால் நெரிசல் நம் பெட்டிக்குள் வந்துவிடுகிறது. பங்கீடு நம் கைக்கு வருகிறது. மேலிருந்து இறங்கி வரும் ஓட்டத்துக்கும் இவ்வாறே தனி வரம்பு வைக்க வேண்டும். அவ்வோட்டம் நம் பெட்டியில் சிறிது தாமதித்தால் அனுப்புவோர் தாமே வேகம் தணிப்பர்.

இவையனைத்தும் செய்தபின்னரும் தொல்லை நீடிக்குமாயின், மூன்று நாட்களுக்குக் காலை ஆறு மணி, பதினொரு மணி, மாலை நான்கு மணி ஆகிய வேளைகளில் ரௌட்டர் வரை, இணைப்பு தருவோரின் முதல் முனை வரை, தொலைவிலுள்ள ஒரு தளம் வரை என மூன்று பிங் சோதனைகளையும், ஒவ்வொரு வரிசையின் டிராப் எண்ணையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, அதன் நகலைப் புகார் மனுவுடன் இணைத்து அனுப்புக. ‘இணையம் சரியில்லை’ என்ற ஒரு வரிப் புகாருக்கு வரும் ஆள், பெட்டியை அணைத்து மீண்டும் போட்டுவிட்டுத்தான் போவார்.