கேட்காமலே வரும் கேரட்

ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில், மேஜிக் கிங்டம் பூங்காவுக்குள் காஸ்மிக் ரேஸ் என்று ஓர் உணவகம் இருக்கிறது. உள்ளே ஒரு மேடையில் சன்னி எக்லிப்ஸ் என்ற வேற்றுக்கிரகவாசி பொம்மை கீபோர்டு வாசித்துப் பாடிக்கொண்டே இருக்கும். மத்தியான நேரத்தில் அங்கே நுழையும் குடும்பங்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். காலையிலிருந்து வெயிலில் நடந்த கால்கள், வரிசையில் நின்று அலுத்த முகங்கள். குழந்தையின் கண் பாடும் பொம்மையை விட்டு நகராது. அம்மா செல்போனில் மெனுவைத் தள்ளிக்கொண்டே "உனக்கு என்னடா வேணும்?" என்று கேட்பார். "சிக்கன்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வரும். சிக்கனோடு தட்டில் வேறு என்ன வரும், குடிக்க என்ன வரும் என்று அந்த நேரத்தில் யாரும் யோசிப்பதில்லை.

யாரும் யோசிக்காத அந்த இடத்தில்தான் குழந்தை உணவைப் பற்றிய மிகப் பெரிய சோதனைகளில் ஒன்று நடந்தது.

2006 வரை டிஸ்னி பூங்காக்களில் குழந்தைகள் சாப்பாடு என்றால் கூடவே பிரெஞ்சு ஃபிரைஸும் கோலாவும் வரும். அந்த வருடம் அக்டோபரில் நிறுவனம் புதிய ஊட்டச்சத்து விதிகளை அறிவித்தது. இனிமேல் தட்டில் கேரட், ஆப்பிள் கூழ், பழம் போன்றவை தானாக வந்துவிடும். குடிக்க, கொழுப்பு குறைத்த பாலோ தண்ணீரோ சர்க்கரை சேர்க்காத பழச்சாறோ இருக்கும். ஃபிரைஸையும் கோலாவையும் எடுத்துவிடவில்லை. வாய் திறந்து கேட்டால் அவையும் கிடைக்கும். கேட்காமல் இருந்தால் என்ன வரும் என்பது மட்டும்தான் மாறியது.

பிறகு கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஜான் பீட்டர்ஸ், ஜேம்ஸ் ஹில் ஆகியோர் அடங்கிய குழு, டிஸ்னி வேர்ல்டின் 145 உணவகங்களின் விற்பனைக் கணக்கை வாங்கி அலசியது. 2016-இல் முடிவுகள் வெளியாயின. தானாக வந்த பானத்தை 66 சதவீதம் பேர் மாற்றாமல் எடுத்துக்கொண்டார்கள். தானாக வந்த பக்க உணவை 48 சதவீதம் பேர் ஏற்றார்கள். பூங்கா முழுவதும் விற்ற குழந்தைகள் சாப்பாட்டின் பக்க உணவையும் பானத்தையும் சேர்த்துப் பார்த்தால் கொழுப்பு 44 சதவீதமும் சோடியம் 43 சதவீதமும் கலோரி 21 சதவீதமும் குறைந்திருந்தன. விடுமுறைக்கு வந்த இடம், செலவைப் பற்றிக் கவலைப்படாத மனநிலை, குழந்தையின் எந்தப் பிடிவாதத்துக்கும் பெற்றோர் வளைந்து கொடுக்கும் நாள். அப்படிப்பட்ட இடத்தில் இவ்வளவு நடந்திருக்கிறது என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

இது எப்படி வேலை செய்கிறது? பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்தவரிடம் யாரும் பட்டியலை நீட்டுவதில்லை. பரிமாறியதைச் சாப்பிடுகிறோம், வேண்டாதபோது கையைக் குறுக்கே வைக்கிறோம். மனித மனம் பல விஷயங்களில் அப்படித்தான் நடந்துகொள்கிறது. எரிக் ஜான்சனும் டேனியல் கோல்ட்ஸ்டைனும் 2003-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை இதற்குப் பேர்போனது. உடல் உறுப்பு தானத்துக்குச் சம்மதம் உள்ளவர்கள் ஜெர்மனியில் 12 சதவீதம், பக்கத்து ஆஸ்திரியாவில் கிட்டத்தட்ட நூறு சதவீதம். ஜெர்மனியில் தானம் செய்ய விரும்புகிறவர் பதிவு செய்ய வேண்டும். ஆஸ்திரியாவில் விரும்பாதவர்தான் விலகிக்கொள்ள வேண்டும். மாற்றச் சொல்வது ஒரு சிரமம். தானாக வருவதை, அதை ஏற்பாடு செய்தவர்களின் பரிந்துரையாகவும் மனம் எடுத்துக்கொள்கிறது. களைத்துப்போன பெற்றோருக்கு இரண்டுமே பொருந்தும்.

பானத்தில் மூன்றில் இரண்டு பேர் மாற்றவில்லை, பக்க உணவில் பாதிப் பேர் மாற்றிக் கேட்டார்கள் என்ற வித்தியாசம் கவனிக்கத்தக்கது. ஃபிரைஸ் மேல் குழந்தைக்கு இருக்கும் ஆசை வலுவானது; பக்கத்து மேஜையில் பொன்னிறமாக, வாசனையோடு கண் முன்னால் இருக்கிறது. அதற்கு ஈடாகக் கேரட்டை நிறுத்துவது கடினம். தாகத்தோடு வந்த குழந்தைக்குக் குளிர்ந்த எதுவும் போதும், அதிலும் பழச்சாறு இனிப்பாகவே இருக்கிறது. ஆசை எங்கே வலுவோ அங்கே இந்த ஏற்பாட்டின் பிடி தளர்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். கொழுப்பும் உப்பும் அவ்வளவு குறைந்தும் கலோரி ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது என்பதற்கும் விளக்கம் இங்கேயே கிடைக்கும். கோலாவுக்குப் பதில் வந்த ஆப்பிள் சாறில் சர்க்கரை ஏறக்குறைய அதே அளவு இருக்கிறது. நான்கிலிருந்து ஆறு வயதுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்கு 4 முதல் 6 அவுன்ஸுக்கு மேல் பழச்சாறு வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017-இல் சொல்லிவிட்டது. கிட்டத்தட்ட ஒரு சின்ன டம்ளர். பழச்சாறைத் தானாக வரும் பட்டியலில் வைத்தது அந்தத் திட்டத்தின் பலவீனம் என்பதே என் எண்ணம்.

இன்னொன்று, விற்பனைக் கணக்கு சொல்வது எது வாங்கப்பட்டது என்பதை மட்டும். எத்தனை கேரட் வயிற்றுக்குள் போனது, எத்தனை தட்டிலேயே கிடந்து குப்பைக்குப் போனது என்பது அதில் வராது.

தட்டில் வருவதை நிர்ணயிக்கும் இன்னொன்று, டைனிங் பிளான். டிஸ்னியின் ஹோட்டலில் தங்குபவர்கள் சாப்பாட்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே பணம் கட்டிக்கொள்ளலாம். கொரோனா காலத்தில் நின்றுபோன இந்தத் திட்டம் 2024 ஜனவரியில் திரும்ப வந்தது. தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் ஆளுக்கு இத்தனை சாப்பாடு, ஒரு நொறுக்குத்தீனி என்று கணக்கில் ஏறும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் கட்டணம் கிடையாது, பெரியவர் தட்டிலிருந்து ஊட்டிக்கொள்ளலாம். 3 முதல் 9 வயது வரை குழந்தைக் கணக்கு. குழந்தைகளுக்கென்று மெனு இருக்கும் இடத்தில் அதிலிருந்துதான் வாங்க வேண்டும். பத்து வயது நிறைந்துவிட்டால் பெரியவர். 2024-இல், மேஜையில் உட்கார வைத்துப் பரிமாறும் உணவும் சேர்ந்த திட்டத்துக்குக் குழந்தைக்கு ஓர் இரவுக்குச் சுமார் 30 டாலர், பெரியவருக்குச் சுமார் 94 டாலர்.

முன்பணம் கட்டியவர் மனம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு ஹால் ஆர்க்ஸும் கேத்தரின் புளூமரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பல்கலைக்கழக நாடக அரங்கில் பருவம் முழுவதற்குமான டிக்கெட்டைச் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடியிலும் விற்றார்கள். நாடகம் அதேதான். முழு விலை கொடுத்தவர்கள் பருவத்தின் முதல் பாதியில் அதிகமாக வந்தார்கள். கொடுத்த காசு வீணாகக் கூடாது என்ற உந்துதல். டைனிங் பிளானில் இந்த உந்துதல் பசியோடு சேர்கிறது. பசிக்கவில்லை என்றாலும் சாப்பாடு மிச்சம் இருக்கிறதே என்று வாங்குவார்கள். ஊருக்குக் கிளம்பும் நாளோடு மிச்சக் கணக்கும் காலாவதியாகிவிடும். பத்து வயதுப் பையனுக்கு 94 டாலர் கட்டிய அப்பா, அவனுக்கு அரைத் தட்டு பாஸ்தா போதும் என்று விட்டுவிட மாட்டார். ஸ்டேக் வாங்கித் தருவார். பையனின் வயிறு நேற்று ஒன்பது வயதில் இருந்த அதே வயிறுதான்.

தட்டில் எவ்வளவு வைக்கிறோம் என்பது எவ்வளவு உள்ளே போகிறது என்பதை எந்த வயதில் நிர்ணயிக்கத் தொடங்குகிறது? பார்பரா ரோல்ஸ், லியேன் பர்ச் ஆகியோர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் ஆராய்ந்தது. பாலர் பள்ளிக் குழந்தைகளுக்கு மதியம் மக்கரோனி அண்ட் சீஸைச் சிறிய, நடுத்தர, பெரிய அளவுகளில் பரிமாறினார்கள். மூன்று வயதுக் குழந்தைகள் எவ்வளவு வைத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டுவிட்டு நிறுத்தினார்கள். ஐந்து வயதுக் குழந்தைகள், அதிகம் வைத்தால் அதிகம் சாப்பிட்டார்கள். வயிறு சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்த குழந்தை, இரண்டே வருடத்தில் தட்டு சொல்வதைக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. "ஒரு வாய் மிச்சம் வைக்காம சாப்பிடு" என்று நாமே அந்தப் பழக்கத்துக்கு உரம் போடுகிறோமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

2003-இல் ஜெனிஃபர் ஃபிஷர், ரோல்ஸ், பர்ச் மூவரும் இதை இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார்கள். முக்கிய உணவை வயதுக்கு ஏற்ற அளவைப்போல் இரண்டு மடங்கு வைத்தபோது நான்கு வயதை ஒட்டிய குழந்தைகள் அதில் 25 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அதிக முறை வாயில் போட்டு அல்ல. ஒவ்வொரு வாயும் பெரிதாகிவிட்டது. அதே குழந்தைகளைத் தாங்களே எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னபோது, பெரிய அளவைப் பரிமாறியதைவிட 25 சதவீதம் குறைவாகவே சாப்பிட்டார்கள். கரண்டியைக் குழந்தை கையில் கொடுப்பது அதன் பசிக்கு மரியாதை கொடுப்பது என்று இதைப் படித்தபோது தோன்றியது. மேஜிக் கிங்டத்தின் கிரிஸ்டல் பேலஸில் வின்னி த பூ கதைப் பாத்திரங்களாக வேடமிட்டவர்கள் மேஜை மேஜையாக வந்து கட்டிப்பிடிக்கும் பஃபே நடக்கிறது. அங்கே அம்மா அப்பா தட்டை நிரப்பிக் கொண்டுவருவதைவிடக் குழந்தையைக் கூட்டிப்போய் அதையே எடுக்க விடலாம்.

பஃபேயில் வேறொரு சிக்கலும் உண்டு. ஒரே உணவைத் தொடர்ந்து சாப்பிட்டால் அதன் ருசி மட்டும் அலுத்துப்போகும், புதிதாக ஒன்று வந்தால் ஆசை திரும்ப எழும். இதையும் ரோல்ஸ் 1980-களில் ஆராய்ந்து காட்டினார். சாப்பாடு போதும் என்று தள்ளிய குழந்தை கேக்குக்கு இடம் இருக்கிறது என்று சொல்வது பொய்யில்லை.

டைனிங் பிளானில் ஓர் இரவுக்கு ஒரு நொறுக்குத்தீனி என்று கணக்கு இருக்கிறதே, அதைப் பெற்றோர் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று ஊகிப்பது எளிது. "கேரட்டை முடிச்சாத்தான் மிக்கி ஐஸ்கிரீம்." மிக்கி தலை வடிவத்தில் சாக்லேட் பூசிய ஐஸ்கிரீம் முன்னால், பாவம், கேரட் தண்டனையாகிவிடுகிறது. பர்ச் குழு 1984-இல் இதைச் சோதித்தது. புதிய பானம் ஒன்றைக் குடித்தால் பரிசு உண்டு என்று சொல்லிக் குடிக்க வைத்த குழந்தைகளுக்கு அந்தப் பானத்தின் மேல் இருந்த விருப்பம் குறைந்துபோனது. பரிசு கொடுத்துத்தான் சாப்பிட வைக்க வேண்டும் என்றால் அது நல்லதாக இருக்காது என்று குழந்தை கணக்குப் போடுகிறது. அவசரப்படாமல், வற்புறுத்தாமல், திரும்பத் திரும்பக் கண்ணில் படவும் வாயில் படவும் விட்டால் பழகிவிடும் என்பதும் பர்ச்சின் ஆய்வுகள் காட்டியதுதான். அதற்குப் பத்து முறைகூட ஆகலாம். ஒரு வார விடுமுறைக்குள் அது முடியாது என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

மிக்கி முகத்தைக் கேரட் பொட்டலத்தின் மேல் ஒட்டினால் என்ன என்று கேட்கலாம். டிஸ்னியே 2012-இல், மிஷெல் ஒபாமா கலந்துகொண்ட நிகழ்ச்சியில், தன் ஊட்டச்சத்து விதிகளுக்குள் வரும் பண்டங்களில் 'மிக்கி செக்' முத்திரை போடப்போவதாக அறிவித்தது. ஆனால் 2010-இல் கிறிஸ்டினா ராபர்ட்டோ குழு 40 குழந்தைகளிடம் செய்த சோதனை கவனத்துக்குரியது. கார்ட்டூன் பாத்திரம் ஒட்டிய பிஸ்கட்டும் பழ மிட்டாயும் கூடுதல் ருசியாக இருப்பதாகக் குழந்தைகள் சொன்னார்கள். கேரட்டில் அந்த மாயம் பெரிதாக எடுபடவில்லை. பிடித்த முகம் பிடித்த பண்டத்துக்குத்தான் அதிகம் உதவுகிறது. ஆகவே மிக்கியை இனிப்புப் பொட்டலத்திலிருந்து எடுப்பது, கேரட்டில் ஒட்டுவதைவிட முக்கியமான வேலையாகத் தெரிகிறது எனக்கு.

தானாக வருவதை மாற்றும் யோசனை பூங்காவுக்கு வெளியிலும் பலித்திருக்கிறது. சில்வர் டைனர் என்ற அமெரிக்க உணவகச் சங்கிலி 2012-இல் தன் குழந்தை மெனுவை இப்படி மாற்றியமைத்தது. அதற்கு முன் வாங்கப்பட்ட குழந்தைகள் சாப்பாட்டில் 3 சதவீதம்தான் ஆரோக்கியமான வகை; மாற்றத்துக்குப் பிறகு 46 சதவீதம். குழந்தைகளும் பெற்றோரும் அதே ரகம்தான், மெனு எழுதியவர் மட்டும் வேறு மாதிரி எழுதினார்.

இப்போது சட்டங்களும் வந்துவிட்டன. கலிஃபோர்னியாவில் 2019 ஜனவரியிலிருந்து உணவகத்தின் குழந்தைகள் சாப்பாட்டோடு தானாக வரும் பானம் தண்ணீராகவோ சுவை சேர்க்காத பாலாகவோதான் இருக்க வேண்டும். சோடா வேண்டுமென்றால் பெற்றோர் கேட்டு வாங்கலாம். டிஸ்னி 2006-இல் சேர்த்துவைத்த பழச்சாறு, அந்தச் சட்டத்தின் பட்டியலில் இல்லை.