ஆயரின் செல்லப்பிள்ளை

மெக்சிகோ இயக்குநர் கார்லோஸ் கரேரா 2002ஆம் ஆண்டு எடுத்த ‘பாதிரியார் அமாரோவின் குற்றம்’ என்னும் ஸ்பானிய மொழிப்படம், ஓர் இளம் குருவுக்கும் ஊர்ப்பெண் ஒருத்திக்கும் இடையே ஏற்பட்ட உறவைச் சொல்லும் படமாகவே உலகெங்கும் பேசப்பட்டது. அந்த உறவு கதையின் நடுவே இருப்பது உண்மைதான். ஆயினும் படத்தை ஊன்றிப் பார்ப்பவருக்கு, கதையை முதலிலிருந்து கடைசிவரை இழுத்துச் செல்வது பதவி ஆசை என்பதும், அந்த ஆசைக்குத் தீனி போட்டு வளர்ப்பது திருச்சபையின் நிர்வாக அமைப்பே என்பதும் விளங்கும்.

கத்தோலிக்கத் திருச்சபையில் ஓர் ஊரின் ஆன்மிகப் பொறுப்பைப் பங்குத்தந்தையும், பல பங்குகள் சேர்ந்த மறைமாவட்டத்தின் பொறுப்பை ஆயரும் ஏற்கின்றனர். எந்தக் குரு எந்த ஊருக்குப் போக வேண்டும், யார் மேற்படிப்புக்காக ரோமாபுரிக்கு அனுப்பப்பட வேண்டும் என்பவற்றையெல்லாம் முடிவு செய்யும் அதிகாரம் பெரும்பாலும் ஆயரின் கையிலேயே இருக்கிறது. குருப்பட்டம் பெறும் சடங்கில், பட்டம் பெறுபவர் ஆயரின் முன் முழந்தாளிட்டுத் தம் கூப்பிய கைகளை ஆயரின் கைகளுக்குள் வைத்து, அவருக்கும் அவருக்குப் பின் வருவோருக்கும் கீழ்ப்படிவதாக வாக்களிக்கிறார். தன்னலத்தைத் துறப்பதன் அடையாளமாக ஏற்பட்ட இச்சடங்கு, ஆயர் நேர்மையாளராக இல்லாதவிடத்து என்னவாக மாறும் என்பதே இப்படம் எழுப்பும் கேள்வி.

கதையின் வேர் மெக்சிகோவில் இல்லை. போர்த்துகீசிய நாவலாசிரியர் எசா தெ கெய்ரோஷ் 1875இல் இதழொன்றில் தொடராக வெளியிட்டு, பின்னர் திருத்தித் திருத்தி 1880இல் இறுதி வடிவம் தந்த நாவலே இப்படத்துக்கு மூலம். லெய்ரியா என்னும் சிறு நகரத்தில் அரசு நிர்வாகியாக அவர் பணியாற்றியவர் ஆதலால், அங்குள்ள குருக்கள், பக்திமிக்க மூதாட்டிகள், விருந்துகள், வம்புப் பேச்சுகள் யாவற்றையும் நேரில் கண்டவராக எழுதினார். நாவலின் அமாரோ இறையழைத்தல் ஏதுமின்றி, ஆதரவு தந்த சீமாட்டியின் விருப்பப்படி குருமடத்தில் சேர்க்கப்பட்ட அநாதைச் சிறுவன். அவன் கெட்டுப்போவதில் வாசகருக்குப் பெரிய வியப்பு எழுவதில்லை.

திரைக்கதை எழுதிய விசென்டே லென்யேரோ இங்கேதான் மூலத்திலிருந்து விலகுகிறார். நாடகாசிரியரும் பத்திரிகையாளரும் ஆழ்ந்த கத்தோலிக்க நம்பிக்கை கொண்டவருமான அவர், காயெல் கார்சியா பெர்னால் நடித்த தம் அமாரோவை உண்மையான அழைத்தல் பெற்ற, அறிவும் இரக்கமும் நிறைந்த 24 வயது இளைஞராகப் படைத்தார். முதல் பங்குக்குச் செல்லும் வழியில் அமாரோ பயணம் செய்யும் பேருந்தைக் கொள்ளையர்கள் மறிக்கின்றனர். சேமிப்பைப் பறிகொடுத்துக் கலங்கி நிற்கும் முதியவர் ஒருவருக்கு அவர் தம் பணத்தைக் கொடுத்துவிட்டு இறங்கிச் செல்கிறார். பார்ப்பவர் எவரும் இல்லாதபோது, பாராட்டு எதையும் எதிர்பாராமல் செய்யப்படும் இந்த ஒரு செயலைப் பார்வையாளரின் மனத்தில் பதித்துவிட்டதால்தான், பின்னால் வரும் ஒவ்வொரு சறுக்கலும் நெஞ்சைத் தைக்கிறது. நாவலைவிடப் படம் கூடுதலாக வலிப்பதற்குக் காரணம் இந்த மாற்றமே எனலாம்.

லோஸ் ரெயேஸ் என்னும் சிற்றூரில் அமாரோவை வரவேற்கும் மூத்த பங்குத்தந்தை பெனிட்டோ, ஏழைகளுக்காகப் பெரிய மருத்துவமனை ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார். அதற்கான பணம் அப்பகுதியின் போதைப்பொருள் கடத்தல் தலைவனிடமிருந்து வருகிறது. மெக்சிகோ மக்களுக்கு இது கற்பனையாகத் தோன்றியிராது, ஏனெனில் கடத்தல்காரர்கள் கோயிலுக்குக் கொடுக்கும் காணிக்கையைக் குறிக்க ‘நார்கோலிமோஸ்னா’, அதாவது போதைக் காணிக்கை, என்றொரு சொல்லே அந்நாட்டில் வழங்குகிறது. 1993ஆம் ஆண்டு மே மாதம் குவாதலஹாரா விமான நிலையத்தில் கர்தினால் போசாதாஸ் ஒகாம்போ சுட்டுக் கொல்லப்பட்டபோது, அது கடத்தல் கும்பல்களுக்கு இடையே நடந்த மோதல் என்று அரசு விளக்கம் தந்தது. பலர் அதை இன்றும் ஏற்கவில்லை. படம் வெளிவந்து மூன்றாண்டுகள் கழித்து, 2005இல், அகுவாஸ்கலியென்டெஸ் ஆயர் ஒருவர், தீய வழியில் வந்த பணமும் நல்ல காரியத்துக்குப் பயன்படும்போது தூய்மை பெறும் என்னும் பொருள்பட வெளிப்படையாகவே பேசி நாடெங்கும் விவாதத்தைக் கிளப்பினார். திரையில் பெனிட்டோ தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் சமாதானமும் இதுவேதான்.

பெனிட்டோவை எளிதில் வெறுத்துவிட முடியாதபடி படம் அவரைக் காட்டுகிறது. அவருக்கும் உணவகம் நடத்தும் சான்ஹுவானேரா என்னும் பெண்ணுக்கும் பல ஆண்டுகளாகத் தொடர்பு உண்டு. அது ஊருக்குத் தெரியும், ஊரும் கண்டும் காணாமல் இருக்கிறது. மருத்துவமனை வேண்டுமென்ற அவருடைய ஆசையும் போலியானதன்று. நல்ல நோக்கம் ஒன்றைக் காக்கச் சிறு சமரசம், அந்தச் சமரசத்தை மறைக்க இன்னொன்று எனக் கண்ணுக்குத் தெரியாமல் கட்டுண்டு கிடக்கும் முதியவர் அவர்; அமாரோ தம் எதிர்காலத்தை அவரிடம் பார்க்கிறார், ஆனால் அடையாளம் கண்டுகொள்வதில்லை.

முதல் பெரிய சறுக்கல் காமத்தால் நேர்வதில்லை என்பது கவனிக்கத்தக்கது. கடத்தல் தலைவனின் வீட்டில் பெனிட்டோ ஞானஸ்நானம் கொடுத்த செய்தியை ரூபன் என்னும் இளம் நிருபர் படத்துடன் வெளியிட்டுவிட, அதை மறுக்கச் செய்யும் பொறுப்பை ஆயர் அமாரோவிடம் ஒப்படைக்கிறார். அமாரோ பத்திரிகை அலுவலகத்துக்குச் செல்கிறார், மறுப்பு வெளியாகிறது, உண்மையை எழுதிய நிருபர் வேலையை இழக்கிறார். பேருந்தில் முதியவருக்கு உதவிய அதே மனிதர், ஆயரின் சொல்லுக்குக் கீழ்ப்படிந்த அன்றே ஒருவரின் பிழைப்பைக் கெடுத்தவராகிறார், அதற்காகப் பாராட்டும் பெறுகிறார். காரியத்தைக் கச்சிதமாக முடித்துத் தரும் பிள்ளை என்று ஆயரின் கண்ணில் அவர் உயர்வதும், தம் மனச்சாட்சியின் குரலை அடக்கக் கற்றுக்கொள்வதும் ஒரே நிகழ்ச்சியில் நடந்துவிடுகின்றன.

அவருக்கு நேரெதிராக, தமியான் அல்காசர் நடித்த நத்தாலியோ என்னும் மலைப்பகுதிக் குரு படைக்கப்பட்டுள்ளார். விடுதலை இறையியல் எனப்படும் சிந்தனையைப் பின்பற்றுபவர் அவர். நற்செய்தி முதலில் ஏழைகளுக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் உரியது, ஆகவே திருச்சபை அவர்கள் பக்கம் நிற்க வேண்டும் என்னும் இவ்விறையியல், 1968இல் கொலம்பியாவின் மெதெயின் நகரில் இலத்தீன் அமெரிக்க ஆயர்கள் கூடிய மாநாட்டுக்குப் பின் அக்கண்டமெங்கும் பரவியது. மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் பழங்குடி மக்களுக்காகக் குரல் கொடுத்த ஆயர் சாமுவேல் ரூயிஸ், அரசின் பகையையும் ரோமாபுரியின் ஐயத்தையும் ஒருசேரச் சம்பாதித்தார். படத்தின் நத்தாலியோ கடத்தல்காரர்களிடம் அவதிப்படும் விவசாயிகளுடன் வாழ்கிறார். கொரில்லாக்களுக்கு உதவுகிறார் என்று பழி சுமத்தப்பட்டு, ஊரைவிட்டு வர மறுத்ததற்காகச் சபைவிலக்கு செய்யப்படுகிறார். சபைவிலக்கு என்பது அருட்சாதனங்களைப் பெறவும் வழங்கவும் முடியாதபடி ஒருவரைத் திருச்சபையின் உறவிலிருந்து விலக்கிவைக்கும் கடுந்தண்டனை.

இதே தண்டனையைப் பற்றித் திருச்சபைச் சட்டம் சொல்லும் இன்னொரு செய்தியையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்; அதற்கு முதலில் அமேலியாவின் கதை தெரிய வேண்டும். ஆனா கிளவுடியா தலன்கோன் நடித்த அமேலியா, சான்ஹுவானேராவின் 16 வயது மகள். பக்திக்கும் காதலுக்கும் வேறுபாடு தெரியாத பருவத்தில், ஒப்புரவுத் தொட்டியின் பலகணி வழியே அமாரோவின்மீது கொண்ட ஈர்ப்பு அவளை அவரிடம் கொண்டு சேர்க்கிறது. அவளைத் துறவற வாழ்வுக்குப் பயிற்றுவிப்பதாகப் பொய் சொல்லி, கோயில்பிள்ளையின் வீட்டில், அவருடைய ஊனமுற்ற மகள் அடுத்த அறையில் கிடக்க, இருவரும் சந்திக்கின்றனர். அமேலியா கருவுற்றதும் அமாரோவுக்கு வழி இல்லாமல் போய்விடவில்லை. குருத்துவக் கடமைகளிலிருந்து விடுவிக்கும்படி ரோமாபுரிக்கு விண்ணப்பித்து மணவாழ்வை மேற்கொண்ட குருக்கள் 1960களுக்குப் பின் பல்லாயிரவர். அந்த வழியை அவர் எண்ணிப் பார்ப்பதாகவே படம் காட்டவில்லை, ஏனெனில் அதில் பதவி இல்லை. ஊரைவிட்டுப் போய்விடும்படி அவளிடம் சொல்கிறார். அதுவும் நடவாதபோது, இரவோடு இரவாக மறைவான இடமொன்றில் கருக்கலைப்புக்கு ஏற்பாடு செய்கிறார். இரத்தப்போக்கு நிற்காமல் அமேலியா வழியிலேயே இறக்கிறாள்.

கருக்கலைப்புக்குக் காரணமானவர் எவரும் அச்செயலாலேயே, தீர்ப்பு எதுவும் தேவையின்றிச் சபைவிலக்குக்கு உள்ளாகிறார் என்பதும், அவர் குருவாயின் பலிபீடத்தில் பணியாற்றும் தகுதியையும் இழக்கிறார் என்பதும் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் விதி. ஆகவே, ஒரே மறைமாவட்டத்தில் ஏழைகளுடன் நின்ற குரு ஊரறிய விலக்கப்படுகையில், சட்டப்படி விலக்கப்பட்ட இன்னொரு குரு எவர் கண்ணிலும் படாமல் பதவியில் நீடிக்கிறார். படம் இவ்விதியை எங்கும் விளக்கிச் சொல்லவில்லை. இதை அறிந்து பார்ப்பவருக்கு இறுதிக் காட்சியின் கனம் பன்மடங்காகும்.

படம் 2002 ஆகஸ்ட் 16 அன்று திரைக்கு வந்தது. ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன்புதான் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மெக்சிகோவுக்கு வந்து, ஹுவான் தியேகோ என்னும் பழங்குடி மனிதரைப் புனிதராக அறிவித்திருந்தார். திருத்தந்தையை வரவேற்ற அதிபர் விசென்டே ஃபாக்ஸ் அவருடைய மோதிரத்தை முத்தமிட்டது நாட்டில் பெரும் சர்ச்சையாகியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் சீர்திருத்தச் சட்டங்களிலிருந்து அரசும் திருச்சபையும் மோதிவந்த நாடு அது. 1926 முதல் 1929 வரை நடந்த கிறிஸ்தேரோ போரில் பல்லாயிரவர் மாண்டனர். திருச்சபைக்குச் சட்ட அங்கீகாரம் மீண்டும் கிடைத்ததே 1992இல்தான். ஆதலால் இப்படத்தின்மீது ஆயர்களுக்கும் கத்தோலிக்க அமைப்புகளுக்கும் எழுந்த சினத்தில், பழைய காயத்தின் வலியும் கலந்திருந்தது என்பதை மறுக்க இயலாது.

அவர்கள் தனியே சுட்டிக் கண்டித்த காட்சிகள் இரண்டு. ஒன்றில், மூளை பேதலித்த மூதாட்டி ஒருத்தி வாயில் வாங்கிய நற்கருணை அப்பத்தை வெளியே எடுத்து, நோயுற்ற தன் பூனைக்கு ஊட்டுகிறாள். மற்றொன்றில், மாதா சுரூபத்துக்கென வைத்திருந்த நீல மேலாடையை அமாரோ அமேலியாவின் தலைமீது போர்த்தி, அவள் மரியன்னையைவிட அழகாக இருப்பதாகச் சொல்கிறார். நற்கருணையைக் கிறிஸ்துவின் உடலாகவே போற்றும் மக்களுக்கு இவை புண்படுத்தும் காட்சிகளே. ஆனால் தடை கோரிய குரல்கள் பூனையைப் பற்றிப் பேசிய அளவுக்கு, கடத்தல் பணத்தைப் பற்றியோ வேலையிழந்த நிருபரைப் பற்றியோ பேசவில்லை என்பதுதான் வருத்தம். எதிர்ப்பின் பலனாகத் திரையரங்குகளில் கூட்டம் பெருகி, அதுவரை எந்த மெக்சிகோ படமும் ஈட்டாத வசூலை இப்படம் ஈட்டியது. சிறந்த வெளிநாட்டு மொழிப்படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையையும் பெற்றது.

குறையே இல்லாத படம் அன்று இது. ஆயரும் நகரத்து மேட்டுக்குடியினரும் தட்டையான பாத்திரங்களாக நின்றுவிடுகின்றனர்; அமேலியாவின் மனம் அவள் அழகுக்குப் பின்னால் மறைந்துபோகிறது; பிற்பகுதியில் நிகழ்ச்சிகள் தொலைக்காட்சித் தொடரின் வேகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. பெர்னாலின் முகம்தான் படத்தைத் தாங்குகிறது: முதலில் தரையைப் பார்த்துப் பேசிய கண்கள், எதிரில் இருப்பவரை அளந்து பார்க்கும் கண்களாக மெல்ல மெல்ல மாறுவதை வசனத்தின் உதவியின்றி அவர் காட்டிவிடுகிறார்.

நாவலின் முடிவில் அமாரோ லிஸ்பனின் தெருவில், கவிஞர் கமோயிஷின் சிலையருகே, பழைய நண்பரோடு நிம்மதியாக உரையாடிக்கொண்டிருப்பார். படமோ அவரை லோஸ் ரெயேஸ் கோயிலின் பலிபீடத்திலேயே நிறுத்துகிறது. அமேலியாவைக் கெடுத்துக் கருக்கலைப்புக்குக் கொண்டு சென்றவர் நிருபர் ரூபன் என்றும், அவளைக் காப்பாற்றப் போராடியவர் இளைய சாமியார் என்றும் ஊரில் கதை கட்டப்பட்டுவிட்டது. சவப்பெட்டியின் முன் வெள்ளை அங்கியுடன் நின்று அமாரோ அடக்கத் திருப்பலியை நிறைவேற்றுகிறார். கோயில் நிரம்பி வழிகிறது. அமாரோவோடு மூண்ட தகராறில் விழுந்து அடிபட்ட பெனிட்டோ சக்கர நாற்காலியில் வந்து, அவரைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் திரும்பி வெளியேறுகிறார். திருப்பலி தொடர்கிறது.