எஞ்சியதிலிருந்து எரிபொருள்

வேலூர், ஆம்பூர்ப் பகுதிகளின் வழியே வரும் பாலாறு, கல்பாக்கத்திற்குத் தெற்கே கடலில் கலக்கின்றது. அதன் மேற்பகுதியில் தோல் பதனிடும் தொழிலும் கழிமுகத்தின் அருகே அணுமின் தொழிலும் வளர்ந்துள்ளன. பயன்படுத்திய பின் எஞ்சுவதை என்ன செய்வது என்பதே இரண்டிற்கும் பொதுவான வினா. தோல் கழிவுநீர் பாலாற்றைக் கெடுத்தது குறித்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்தல் வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. பதனிட்ட நீரிலிருந்து குரோமியத்தைப் பிரித்து மீண்டும் பயன்படுத்தும் முறையும் இன்று உள்ளது. அணு உலையில் எஞ்சுவதிலும் அவ்வாறு மீட்கத்தக்க பொருள் ஒன்று உண்டு. அதுவே புளூட்டோனியம்.

புளூட்டோனியத்தின் தோற்றம்

இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுறும் யுரேனியம்-235 ஏறத்தாழ 0.7 விழுக்காடே. ஏனையது பெரும்பாலும் யுரேனியம்-238. இது உலையில் நியூட்ரானை ஏற்று, படிப்படியாகப் புளூட்டோனியம்-239 ஆக மாறுகின்றது. பயன்படுத்திய எரிபொருளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துப் புளூட்டோனியத்தைப் பிரித்தெடுப்பர். இதற்கு மறுசெயலாக்கம் என்று பெயர்.

வில்லையாகும் தூள்

யுரேனியம், புளூட்டோனியம் ஆகியவற்றின் ஆக்சைடுத் தூள்களை உரிய விகிதத்தில் சேர்த்து அரைப்பர். கலவை சீராக அமைதல் இன்றியமையாதது. புளூட்டோனியம் ஓரிடத்தில் திரண்டால் அவ்விடம் மிகுதியாகச் சூடேறும். பின்னர்த் தூளைச் சிறு வில்லைகளாக அழுத்தி, சுமார் 1600 செல்சியசு வெப்பநிலையில் சுடுவர். சுட்ட வில்லைகளை எஃகுக் குழல்களில் அடுக்கி, முனைகளைப் பற்றவைத்து மூடுவர். கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி அதிவேக ஈனுலைக்கான இக்கலப்பு ஆக்சைடு எரிபொருள் தாராப்பூரில் உருவாக்கப்பட்டது. ஓர் எரிபொருள் தொகுதியில் 217 குழல்கள் உள்ளன. அவ்வுலையின் மையப்பகுதியை நிரப்பும் பணி 2024 மார்ச்சில் தொடங்கியது.

காப்பே முதன்மை

புளூட்டோனியம் வெளிவிடும் ஆல்ஃபா கதிரை ஒரு தாளே தடுத்துவிடும். ஆயினும் அதன் தூள் மூச்சுவழி நுரையீரலை அடைந்தால் பெருந்தீங்கு விளைக்கும். ஆதலால், கையுறைகள் பொருத்தப்பட்ட மூடிய பெட்டிகளுக்குள்ளேயே பணிகள் நிகழ்கின்றன. பெட்டியின் உள் அழுத்தம் வெளி அழுத்தத்தைவிடக் குறைவாக வைக்கப்படும். எனவே, சிறு துளை ஏற்படினும் காற்று உள்ளே செல்லுமேயன்றித் தூள் எளிதில் வெளியேறாது.

மறுசெயலாக்கத்தின் பின்னும் கடுங்கதிர்வீச்சுக் கழிவு எஞ்சும். அதனைக் கண்ணாடியோடு உருக்கி உறையச்செய்து, நெடுங்காலம் பாதுகாத்தல் வேண்டும். புளூட்டோனியம்-239இன் அரை ஆயுட்காலமோ ஏறத்தாழ 24,000 ஆண்டுகள். மாசுற்ற ஆற்றை மீட்பதைவிட, மாசு ஆற்றை அடையாமல் காப்பதே எளிது. பாலாறு உணர்த்தும் இவ்வுண்மை அணுத்தொழிலுக்கும் பொருந்தும்.