ஹெல்மெட்டும் கிளிப்போர்டும்

என் அக்காவின் மகள் இந்த வருடம் ஏ லெவல் முடிக்கிறாள். போன மாதம் சாப்பாட்டு மேசையில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். யூனிக்குப் போகவில்லையாம், கட்டட நிறுவனம் ஒன்றில் சேஃப்டி அப்ரெண்டிஸாகச் சேரப் போகிறாளாம். அக்காவிடமிருந்து உடனே எனக்கு போன். "தம்பி, ஹெல்மெட்டும் போட்டு கிளிப்போர்டோட நிக்கிற வேலைக்கோ இவ்வளவு காலமும் டியூஷனுக்கு அனுப்பினது? நீ ஒருக்கா அவளோட கதை. கம்ப்யூட்டர் பக்கம் திருப்பு."

கதைக்கத்தான் போனேன். ஆனால் போகிற வழியில் அப்பாவின் கை ஞாபகம் வந்தது.

90களில் அப்பா பார்க் ராயலில் ஒரு வேர்ஹவுஸில் நைட் ஷிஃப்ட் செய்தார். ஒருநாள் ஏணியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் வீட்டுப் படியில் வழுக்கியதாகச் சொன்னார். வேலையிடத்திலும் அதே கதைதான். உண்மை எங்களுக்குத் தெரிய வந்தது அவர் ஓய்வு பெற்ற பிறகு. "சொன்னால் அடுத்த கிழமை ஷிஃப்ட் தரமாட்டாங்கள் எண்டு பயம்" என்றார். அந்த ஏணியில் ஒரு படி ஆடுவது அங்கே எல்லாருக்கும் தெரியுமாம். இரண்டு மாதம் கழித்து அதே ஏணியில் இன்னொருவர் விழுந்து முதுகை உடைத்துக்கொண்டார். அவர் திரும்ப வேலைக்கு வரவேயில்லை. அப்பாவின் மணிக்கட்டு இன்றைக்கும் முழுதாக மடங்காது. அவருக்கு அதைவிட வலிப்பது அந்த இரண்டாவது ஆள்.

வேலையிடத்தில் இப்படி எலும்பு முறிந்தால் முதலாளி அதை அரசுக்கு அறிவித்தே ஆகவேண்டும் என்று இங்கே சட்டம் இருக்கிறது. பாதுகாப்பு பற்றி முறையிட்டவரைப் பழிவாங்கக் கூடாது என்று 1996ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைச் சட்டமும் சொல்கிறது. ஆனால் ஆட்கள் வாய் திறந்தால்தானே சட்டத்துக்கு வேலை? அவர்களை வாய் திறக்க வைப்பதுதான் சேஃப்டி மேனேஜரின் முதல் திறமை என்று நான் நினைக்கிறேன். ஹெல்மெட் எல்லாம் அதற்குப் பிறகு.

கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷன் எங்கள் எல்லாருக்கும் பழக்கமான இடம். 1987 நவம்பர் 18, புதன்கிழமை, இரவு ஏழரை மணி போல, பிக்கடிலி லைன் எஸ்கலேட்டருக்குக் கீழே தீப்பிடித்தது. அந்தக் காலத்து எஸ்கலேட்டரின் படிகள் மரம். யாரோ சிகரெட் பற்றவைத்துப் போட்ட தீக்குச்சி இடுக்கு வழியாக விழுந்து, கீழே சேர்ந்திருந்த கிரீஸிலும் குப்பையிலும் பற்றிக்கொண்டது. கால் மணி நேரத்தில் நெருப்பு மேலே டிக்கெட் மண்டபத்துக்குள் பாய்ந்தது. 31 பேர் இறந்தார்கள்.

தீ எப்படிப் பரவியது என்பதைவிட, அதற்கு முதல் நடந்தவைதான் இந்தக் கதையில் எனக்கு முக்கியம். எஸ்கலேட்டரில் தீப்பிடிப்பது அங்கே புதிது இல்லை. பல தடவை நடந்திருக்கிறது. அதை 'தீ' என்று சொல்லாமல் 'புகைச்சல்' என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். சுரங்க ஸ்டேஷன்களில் புகைக்க ஏற்கெனவே தடை. ஆனால் வெளியே போகிற அவசரத்தில் எஸ்கலேட்டரிலேயே ஆட்கள் பற்றவைப்பார்கள், பார்த்தும் விட்டுவிடுவார்கள். கீழே தண்ணீர் தெளிக்கும் கருவிகூட இருந்தது. அன்றைக்கு ஒருவரும் அதை இயக்கவில்லை. டெஸ்மண்ட் ஃபெனல் தலைமையில் நடந்த விசாரணை 157 பரிந்துரைகளைத் தந்தது. அதன் பிறகுதான் மரப்படிகள் படிப்படியாக உலோகமாக மாறின. கடைசி மர எஸ்கலேட்டர் கிரீன்ஃபோர்டில் 2014 வரை ஓடியது!

'புகைச்சல்' என்ற சொல்லைக் கேட்டதும் 'அது தீதானே?' என்று கேட்கக்கூடிய ஒரு ஆள் வேண்டும். அந்தக் காதும், மேலிடத்தில் போய் அதைச் சொல்லும் துணிவும் புத்தகத்தில் மட்டும் படித்து வராது.

என் வேலையில் இதற்கு ஒரு சின்னப் பாடம் கிடைத்தது. சேர்ந்த புதிதில் தவறான கமாண்ட் ஒன்று அடித்து லைவ் டேட்டாபேஸில் ஒரு டேபிளையே அழித்துவிட்டேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். என் மேனேஜர் கேட்டது ஒரே கேள்வி: "அந்தக் கமாண்ட் ஏன் உன்னைத் தடுக்கவில்லை?" அவர் மட்டும் 'யார் செய்தது' என்று தொடங்கியிருந்தால் நானும் அப்பா மாதிரி ஒரு கதை சொல்லியிருப்பேன். மான்செஸ்டர் பல்கலைக்கழக உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் இதை ஓட்டை விழுந்த சீஸ் துண்டுகளை வைத்து விளக்கினார். ஒவ்வொரு தடுப்பிலும் ஓட்டை இருக்கும், எல்லா ஓட்டையும் ஒரே கோட்டில் வரும்போதுதான் விபத்து.

மருமகளிடம் இதையெல்லாம் சொன்னபோது அவளுக்கு முக்கால்வாசி ஏற்கெனவே தெரிந்திருந்தது. படிப்பு வழியும் அவள்தான் எனக்கு விளக்கினாள். அப்ரெண்டிஸ்ஷிப்பில் வேலையும் படிப்பும் சேர்ந்தே நடக்கும். பக்கத்திலேயே நெபோஷ் ஜெனரல் சர்டிஃபிகேட் எடுக்கலாம். அதில் பரீட்சை மட்டுமில்லை, உண்மையான ஒரு வேலையிடத்தைப் பார்த்து ஆபத்து மதிப்பீடு எழுதிக் கொடுக்கவேண்டும். பிறகு டிப்ளோமா, சில வருட அனுபவம், ஐயோஷ் அமைப்பில் சார்ட்டர்ட் உறுப்பினர். 'சார்ட்டர்ட்' என்ற சொல் அக்காவுக்குக் கொஞ்சம் பிடித்தது. சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் மாதிரியோ என்று கேட்டாள். ஓம் என்றேன், வேறென்ன சொல்ல!

2012 ஒலிம்பிக் பூங்காவைக் கட்ட ஏறக்குறைய 46,000 பேர் வேலை செய்தார்கள், கட்டும்போது ஒருவரும் சாகவில்லை என்பதையும் அக்காவுக்குச் சொன்னேன். கிளிப்போர்ட் பிடித்த ஆட்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது. இந்தக் கட்டுரையை வாசிக்கிற உங்களில் கடையோ பெற்றோல் ஸ்டேஷனோ நடத்துபவர்கள் இருப்பீர்கள். ஐந்து பேர் வேலை செய்தாலே ஆபத்து மதிப்பீட்டை எழுத்தில் வைத்திருக்கவேண்டும். தாளை நிரப்புவதற்கு முதல் ஷெல்ஃப் அடுக்குகிற பொடியனிடம் எது ஆடுது, எது வழுக்குது என்று கேட்டுப் பாருங்கள்.

போன ஞாயிறு மருமகள் அப்பாவிடம் அந்த ஏணியைப் பற்றிக் கேட்டாள். என்ன உயரம், எந்தப் படி, வேறு ஆருக்குத் தெரியும், ஆரிடம் சொல்லியிருக்கலாம் என்று. நடுவில் ஒரு தடவையும் "ஏன் தாத்தா சொல்லேல்லை?" என்று கேட்கவில்லை. அப்பா ஒரு மணி நேரம் கதைத்தார். நான் கேட்டிராத பெயர்களெல்லாம் வந்தன. அக்கா தேத்தண்ணியோடு கதவடியிலேயே நின்றாள், தேத்தண்ணி ஆறிப்போனது.

விண்ணப்பம் வெள்ளிக்கிழமை போய்விட்டது. அக்கா யூனி ஃபோர்மையும் நிரப்பச் சொல்லியிருக்கிறாள், எதற்கும் இருக்கட்டுமாம்.