வன்மையாக்கத்தகு கறையில் உருக்குகள்: 410, 420, 440 வகைகள் பற்றிய ஓர் ஒப்பியல் நோக்கு

கறையில் உருக்கு என்னும் பொதுப்பெயர் தம்முள் வேறுபட்ட பல கலப்புலோகங்களைக் குறித்து நிற்பது. அவற்றுள் வெப்பமூட்டிச் சடுதியாகக் குளிர்விப்பதால் வன்மை பெறுவன மார்ட்டென்சைட்டு வகையின. சமையற்கத்தி, சத்திரசிகிச்சைக் கருவி, பம்பித்தண்டு, குண்டுப்போதிகை ஆகியன இவ்வகை உருக்கினாலும் செய்யப்படுகின்றன. இவற்றின் தரத்தைக் குரோமியத்தின் வீதத்தைக் கொண்டே அளவிடும் வழக்கம் பரவலாக உண்டு. அவ்வளவுகோல் எத்துணைப் பொருத்தமானது என்பதே ஈண்டு நாம் ஆராய முற்படும் வினாவாகும்.

இவ்வுருக்கின் வரலாறே இவ்வினாவிற்கான விடையின் ஒரு பகுதியைத் தருகின்றது. இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில், உருக்குத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்த ஹரி பிறியெர்லி, துப்பாக்கிக் குழல்களின் தேய்வைத் தடுக்கும் ஆய்வில் ஈடுபட்டிருந்தார். 1913ஆம் ஆண்டு அவர் வார்த்த உருக்கில் ஏறத்தாழ 12.8 வீதம் குரோமியமும் 0.24 வீதம் காபனும் இருந்தன. அது கத்திக்கு உகந்தது என அவர் கண்டார். ஆயின், அந்நகரக் கத்தித் தொழிலாளர் முதலிற் செய்த கத்திகள் வெட்டவில்லை. 'வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்' எனப் பிறியெர்லி எள்ளப்பட்டார். சாதாரண காபன் உருக்கிற்குப் பழகிய வெப்பநிலை புதிய உருக்கிற்குப் போதாமையே இதற்குக் காரணமாகும். ஏர்னெஸ்ற் ஸ்ருவாட் என்னும் கத்தித் தொழில் வல்லுநர் மீண்டும் மீண்டும் முயன்று உரிய வெப்பநிலையைக் கண்டறிந்த பின்னரே அவ்வுருக்கு பயன்பாடுடையதாயிற்று. ஆய்வுகூடத்தின் சேர்மானமும் பட்டறையின் வினைத்திறனும் இணைந்தவிடத்தே கறையில் கத்தி பிறந்தது எனலாம்.

இனி, அமெரிக்க வகைப்பாட்டின்படி இவற்றை ஒப்புநோக்குவோம். 410இல் குரோமியம் 11.5 முதல் 13.5 வீதம் வரையாகும், காபன் 0.15 வீதத்தை விஞ்சுவதில்லை. 420இல் குரோமியம் 12 முதல் 14 வீதம், காபன் 0.15 வீதத்திற்குக் குறையாது. 440 வரிசையின் மூன்று பிரிவுகளிலும் குரோமியம் 16 முதல் 18 வீதமே. காபன் மட்டும் 'ஏ' பிரிவில் 0.60–0.75, 'பி' பிரிவில் 0.75–0.95, 'சி' பிரிவில் 0.95–1.20 வீதம் என ஏறிச்செல்கின்றது. றொக்வெல் 'சி' அளவில் 410 ஏறத்தாழ 40ஐயும், 420 ஏறத்தாழ 50ஐயும், 440சி ஏறத்தாழ 60ஐயும் எட்டவல்லன. எனவே வன்மையை முதன்மையாக நிர்ணயிப்பது காபனே என்பது தெளிவு. உயர்வெப்பநிலையில் இரும்பிற் கரைந்த காபன், சடுதியான குளிர்ச்சியால் வெளியேற வழியின்றிச் சிறைப்பட்டுப் படிக அமைப்பைத் திரிபுறச் செய்கின்றது. மார்ட்டென்சைட்டு எனப்படுவது இத்திரிபுற்ற அமைப்பேயாகும்.

ஆயின் காபனின் பணி இத்துடன் முடிவதில்லை. அது குரோமியத்துடன் சேர்ந்து காபைட்டுத் துணிக்கைகளை ஆக்குகின்றது. துருவைத் தடுக்கும் ஒட்சைட்டுப் படலத்தைத் தோற்றுவிப்பது இரும்பிற் கரைந்து நிற்கும் குரோமியமே. காபைட்டினுட் கட்டுண்ட குரோமியம் அப்பணிக்கு உதவுவதில்லை. இதனாலேயே, 17 வீதக் குரோமியமுடைய 440சி, 13 வீதக் குரோமியமுடைய 420ஐ விடத் துருவெதிர்ப்பில் அவ்விகிதத்திற்கு மேம்பட்டு நிற்பதில்லை. அம்மேலதிகக் குரோமியத்தின் பெரும்பகுதி தேய்வைத் தாங்கும் காபைட்டுகளாகவே செலவாகிவிடுகின்றது. போதிகைக்கு அது நன்மை. ஈரத்தில் உழலும் கருவிக்கு அத்துணை நன்மையன்று.

இதிலிருந்து பெறப்படும் மற்றொரு முடிபும் கருதத்தக்கது. வன்மையாக்கல் கூர்மைக்கு மட்டுமே உரியது என்பது பொதுவான எண்ணம். உண்மையில், மென்மையாக்கிய நிலையில் 420இன் காபன் பெரிதும் காபைட்டாகவே இருப்பதால், அந்நிலையில் அது எளிதிற் கறைபடும். ஏறத்தாழ 980 முதல் 1065 பாகை செல்சியசு வரை சூடாக்கும்போது காபைட்டுகளிற் பெரும்பகுதி கரைந்து, குரோமியம் விடுபடுகின்றது. வன்மையும் துருவெதிர்ப்பும் ஒரே வினையின் பேறுகளாகின்றன. எனினும், மிகைச்சூடு மணிகளைப் பருக்கச் செய்வதோடு, குளிர்ந்த பின்னும் மாறாத ஒஸ்டினைட்டை எஞ்சவிட்டு வன்மையைக் குறைக்கும். பின்னர் நிகழும் பதமிடலும் இத்தகையதே. ஏறத்தாழ 425 முதல் 565 பாகை வரையான வெப்பநிலையிற் பதமிட்டால், நுண்ணிய காபைட்டுகள் மீண்டும் பிரிந்து, அவற்றின் அயலிலுள்ள குரோமியத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. துருவெதிர்ப்பும் முறிவைத் தாங்கும் வலுவும் ஒருங்கே குன்றுகின்றன.

ஆகவே 410, 420, 440 என்னும் இலக்கங்கள் சேர்மானத்தின் எல்லைகளை மட்டுமே சுட்டுவன. பொருளின் பண்பை முற்றாகச் சுட்டுவன அல்ல. ஒரே 420 உருக்கினால் ஆன இரு கத்தரிக்கோல்களுள் ஒன்று பல்லாண்டு உழைப்பதும், மற்றையது சில தடவை அவித்துத் தூய்மையாக்கியதுமே புள்ளிபுள்ளியாய்த் துருப்பிடிப்பதும் இயல்வதே. அவ்வேறுபாடு உலைமுகத்தில் நின்றவரின் அறிவிலும் அவருக்கு அளிக்கப்பட்ட நேரத்திலும் தங்கியுள்ளது. விற்பனைச் சீட்டில் இலக்கம் இடம்பெறுகின்றது, அவ்வுழைப்பு இடம்பெறுவதில்லை. கருவியை வாங்குவோர், குறிப்பாக மருத்துவமனைகளுக்காக வாங்குவோர், உருக்கின் இலக்கத்தோடு அது பெற்ற வெப்பப் பதத்தையும் வன்மை அளவையும் கேட்டறிதல் இன்றியமையாததாகும்.