வளைகுடா பணி அனுமதி: ஒப்பந்தம் உண்டு, உத்தரவாதம் இல்லை

புது தில்லி: வெளிநாடுகளுடன் தொழிலாளர் ஒப்பந்தங்களை மத்திய அரசு அடுத்தடுத்துச் செய்து வந்தாலும், மும்பை வழியாக வளைகுடா செல்லும் தமிழர்களுக்கு அவற்றின் பலன் முழுமையாகக் கிடைப்பதில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாவது தலைநகரங்களில். ஆள் எடுப்பது மும்பையில். உண்மையான சம்பளம் பலருக்குத் தெரியவருவதோ விமானத்தை விட்டு இறங்கிய பிறகுதான். இந்த இடைவெளியை அடைக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் 1983-ம் ஆண்டைச் சேர்ந்தது.

மும்பை வாசல்: 1970-களில் எண்ணெய் வருவாய் பெருகி வளைகுடா நாடுகளில் கட்டுமானப் பணிகள் குவிந்தபோது, அங்கு செல்வோரின் நுழைவாயிலாக மும்பை மாறியது. துணைத் தூதரகங்கள், ஆள் எடுக்கும் நிறுவனங்கள், தொழில் தேர்வு மையங்கள், மருத்துவப் பரிசோதனைக் கூடங்கள் ஆகியவை ஒரே நகரில் அமைந்ததே காரணம். திருநெல்வேலிச் சீமையினர் தலைமுறைகளாக வாழும் தாராவி, ஊரிலிருந்து வந்தவர்கள் விசாவுக்காகக் காத்திருக்கும் இடமாகவும் ஆனது. செம்பூரை ஒட்டிய மாஹுல், டிராம்பே பகுதிகளில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் உர ஆலையும் உள்ளன. வெல்டர், பைப் ஃபிட்டர் என இத்தகைய ஆலைகளுக்கு வேண்டிய அதே தொழில்கள்தான் வளைகுடாவிலும் தேவைப்பட்டன.

சட்டம் இவர்களை ஒரே தட்டில் வைக்கவில்லை. பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட் "இ.சி.ஆர்." வகையைச் சேர்ந்தது. அவர் பட்டியலிடப்பட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். தென்னிந்திய கல்விச் சங்கத்தின் பள்ளியிலோ கல்லூரியிலோ படித்து வெளியேறிய மாட்டுங்கா இளைஞருக்கு அது தேவையில்லை. தாராவி தோல் பட்டறையிலிருந்து படிப்பைப் பாதியில் விட்டுக் கிளம்புபவருக்குத் தேவை.

நடைமுறை என்ன? வெளிநாட்டு நிறுவனம் முதலில் தன் நாட்டுத் தொழிலாளர் துறையிடம் பணி அனுமதி பெற வேண்டும். பின்னர் இந்தியாவில் பதிவு பெற்ற முகவர் மூலம் ஆள் எடுக்க வேண்டும். வேலை ஒப்பந்தம் 2014-ல் தொடங்கப்பட்ட "இ-மைக்ரேட்" கணினி முறையில் பதிவாகும். முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே. இந்த வழியில் செல்பவருக்கு "பிரவாசி பாரதிய பீமா யோஜனா" காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய் பிரிமியம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய்.

ஆனால் விசிட் விசாவில் அனுப்பி, அங்கு போனபின் வேலை விசாவாக மாற்றித் தருவதாகச் சொல்லும் துணை ஏஜென்ட்டிடம் சிக்குபவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. பதிவு இல்லை, ஒப்பந்த நகல் இல்லை, காப்பீடும் இல்லை.

ஒப்பந்தங்களின் பலவீனம்: கத்தாருடன் 1985-லும், ஐக்கிய அரபு அமீரகத்துடன் 2006-லும், குவைத்துடன் 2007-லும், ஓமனுடன் 2008-லும், மலேசியா, பஹ்ரைனுடன் 2009-லும் இந்தியா உடன்பாடு கண்டது. வீட்டுப் பணியாளர்களுக்கென சவூதி அரேபியாவுடன் 2014-லும், குவைத்துடன் 2021-லும் தனி ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. இவற்றில் பெரும்பாலானவை புரிந்துணர்வு ஒப்பந்தங்களே. மீறல் நடந்தால் கூட்டுக்குழுவில் பேசலாம். அவற்றைக் காட்டித் தொழிலாளி வழக்குத் தொடர முடியாது.

2024 ஜூன் 12-ல் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் ஏற்பட்ட தீ விபத்தில் குறைந்தது 45 இந்தியர்கள் இறந்தனர். அவர்களில் 7 பேர் தமிழர்கள். விமானப்படை விமானத்தில் உடல்கள் கொச்சிக்கு வந்து சேர்ந்தன. பணி அனுமதி வழங்கும் அரசு தங்குமிடத்தைச் சோதிக்கிறதா என்பதை, ஆள் அனுப்பும் அரசு உறுதி செய்ய வழி உண்டா என்ற கேள்வி அப்போது எழுந்தது.

சம்பள விஷயத்திலும் இதே நிலைதான். வளைகுடா வேலைகளுக்கான குறைந்தபட்சப் பரிந்துரை ஊதியத்தை 2020 செப்டம்பரில் மத்திய அரசு கணிசமாகக் குறைத்தது. வேலைவாய்ப்பைக் காப்பாற்றவே என்று காரணம் கூறப்பட்டது. எதிர்ப்பு கிளம்பி, தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் தொடரப்பட்ட நிலையில் 2021-ல் அந்த முடிவு கைவிடப்பட்டது. எந்த ஒப்பந்தத்தையும் திருத்தாமல், சுற்றறிக்கை ஒன்றின் மூலமே ஊதியம் இறங்கியது. அப்படியே மீண்டும் ஏறியது.

ரூ. 2,000 அபராதம்: 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பதிவு இல்லாமல் ஆள் எடுப்பவருக்கு அதிகபட்சம் 2 ஆண்டு சிறையும் 2,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். பாதிக்கப்பட்டவரோ, பெற்றோர், மனைவி போன்ற நெருங்கிய உறவினரோ புகார் கொடுத்தால் தவிர, வழக்குத் தொடர மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். பாலைவனத்தில் சிக்கியவரின் சார்பில் தொழிற்சங்கமோ தொண்டு நிறுவனமோ நேரடியாக வழக்குத் தொடர வழியில்லை.

புதிய சட்டத்துக்கான வரைவுகள் 2019-லும் 2021-லும் வெளியாகி அப்படியே நின்றுபோயின. வெளியுறவு அமைச்சகத்தின் நாடாளுமன்ற நிலைக்குழு புதிய சட்டத்தை வலியுறுத்தி வந்த நிலையில், 2025 அக்டோபரில் வெளிநாட்டு இடப்பெயர்வு (வசதி, நலன்) மசோதாவின் வரைவு மக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது. அமைச்சகங்களை ஒருங்கிணைக்க ஒரு கவுன்சிலை அமைக்க அது வகை செய்கிறது.

உறுப்பினர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. துணை ஏஜென்ட்டுக்குப் பொறுப்பேற்பது யார்? ஒப்பந்தம் மாற்றப்பட்டால் இழப்பீடு தருவது யார்? தொழிற்சங்கம் வழக்குத் தொடரலாமா?

மும்பையின் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம், 2017-ல் திறக்கப்பட்ட விதேஷ் பவனில் இயங்கும் என அறிவிக்கப்பட்டது. அந்தக் கட்டடம் உள்ள பாந்த்ரா-குர்லா வளாகம் தாராவியை ஒட்டியே இருக்கிறது. ஆனாலும் வளைகுடா கிளம்பும் தாராவித் தொழிலாளி முதலில் தேடிப்போவது ஏஜென்ட்டின் வீட்டைத்தான். புதிய சட்டம் அந்தப் பழக்கத்தை மாற்றுமா என்பதே அதன் முன்னுள்ள சோதனை.