குழந்தைக்கு ஒரு 'பீட்' கொடுங்கள்

ஆடிக்காற்று தொடங்கிவிட்டால் எங்கள் ஒக்கலிபுரத்து மொட்டைமாடிகளில் எல்லாம் பட்டம்தான். போன வருடம் எதிர்வீட்டு மரத்தில் பருந்து ஒன்று மாஞ்சா நூலில் சிக்கித் தலைகீழாகத் தொங்கியது. பக்கத்து வீட்டுத் தம்பி ஏணி போட்டு இறக்கினார். இறக்கை எலும்பு வரை அறுபட்டிருந்தது. துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, கெங்கேரி பக்கம் உள்ள வனவிலங்கு மருத்துவமனைக்கு ஆட்டோவில் கிளம்பினோம். வழியிலேயே உயிர் போய்விட்டது.

அன்றிரவு ஒன்பது வயதுப் பேரன் கேட்டான்: "தாத்தா, அது நான் விட்ட நூலா?"

"தெரியலையே கண்ணா" என்றேன். நூல் வாங்கக் காசு கொடுத்தவன் நான்தான். நைலான் மாஞ்சாவை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-லேயே நாடு முழுவதும் தடை செய்துவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

புலி, யானை பற்றியெல்லாம் அவன் பள்ளியில் படித்து மார்க்கும் வாங்கியவன்தான். ஆனால் ஓர் உயிரை மனிதர்கள் காப்பாற்றுவதைக் கண்ணால் கண்டதில்லை. ஆகவே மாசியில் ஒரு ஞாயிறன்று மைசூர் ரயிலில் மத்தூர் வரை போய், அங்கிருந்து கொக்கரே பெள்ளூருக்கு அழைத்துச் சென்றேன்.

மாண்டியா மாவட்டத்தில் சிம்ஷா ஆற்றுக்கு அருகில் உள்ள சிற்றூர் அது. கன்னடத்தில் 'கொக்கரே' என்றால் நாரை. மார்கழி, தை வாக்கில் கூழைக்கடாக்களும் மஞ்சள் மூக்கு நாரைகளும் வந்து, வீட்டு வாசல் புளியமரங்களிலேயே கூடு கட்டுகின்றன. குஞ்சுகளை வளர்த்து ஆனி வாக்கில் கிளம்பிவிடுகின்றன. இது காடு அல்ல, தெரு. கீழே கோழி மேய்கிறது, மேலே கூழைக்கடா குஞ்சுக்கு மீன் ஊட்டுகிறது!

இப்பறவைகள் வந்தால் ஊருக்கு நல்லது என்பது அங்குள்ள பெரியவர்களின் நம்பிக்கை. எச்சம் வயலுக்கு எருவாகிறது. கூடுள்ள மரங்களில் புளி உலுக்க முடியாத நஷ்டத்திற்கு வனத்துறை உதவித்தொகை தருகிறது. 1976-ல் வன அதிகாரி எஸ்.ஜி. நெகின்ஹால் இவ்வூரை வெளியுலகம் அறியச் செய்தார். 1990-களில் ஊர் இளைஞர்கள் 'ஹெஜ்ஜார்லே பளக' என்ற குழுவாகச் சேர்ந்தார்கள். ஹெஜ்ஜார்லே என்றால் கூழைக்கடா. கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளை எடுத்து, மீன் கொடுத்து வளர்த்து, பறக்கத் தெரிந்ததும் விட்டுவிடுவது இவர்கள் பணி. 2007-ல் இவ்வூர் சமுதாயக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

நம் சொந்த மண்ணிலும் இதற்கு உதாரணம் உண்டு. சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977-ல் அமைந்தது. அதை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், பறவைகள் பயந்துவிடும் என்று பல்லாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. வெடி கேட்டு அழாத குழந்தை உண்டா? ஆனால் அவ்வூர்ப் பிள்ளைகள் 'நம் ஊர்ப் பறவை' என்று சொல்லி வளர்கிறார்கள்.

இந்த 'நம்' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. ரயில்வேயில் கீமேன் என்று ஒரு தொழிலாளி உண்டு. தினமும் குறிப்பிட்ட சில கிலோமீட்டர் தண்டவாளத்தை நடந்தே பார்ப்பார். அதற்கு 'பீட்' என்று பெயர். இந்திய ரயில்வே முழுவதையும் காப்பாற்று என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை. தன் பீட்டில் ஒரு சாவி கழன்றிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. குழந்தையிடம் 'உலகத்தைக் காப்பாற்று' என்றால் அது கொட்டாவி விடும். ஒரு பீட் கொடுத்துப் பாருங்கள்.

என் பேரனின் பீட் எங்கள் தெரு முனையிலிருந்து கோயில் அரசமரம் வரை. மரத்தில் தொங்கும் நூலைப் பெரியவர்கள் துணையோடு எடுப்பது, கோடையில் மண் சட்டியில் தண்ணீர் வைத்துத் தினமும் மாற்றுவது, வந்த பறவைகளை நோட்டில் எழுதுவது. அடிபட்ட பறவையைக் கண்டால் தீனியோ தண்ணீரோ புகட்டாமல், பெட்டியில் வைத்துப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். இவ்வளவுதான்.

இந்த ஆடியிலும் அவன் பட்டம் விட்டான், சாதாரணப் பருத்தி நூலில். மற்ற பிள்ளைகள் மாஞ்சாவால் அதை அறுத்துவிட்டார்கள். அழுதுகொண்டு வந்தான். மாஞ்சா மட்டும் கேட்கவில்லை.

நம் சங்கத்துக் குடும்பங்களும் ஆளுக்கொரு பீட் எடுத்துக்கொள்ளலாமே!